ஆபிரகாம் எங்கே போனார்?

'எரியும் பனிக்காடு' நாவலின் டாக்டர் ஆபிரகாம், பாலாவின் 'பரதேசி'யில் (2013) மதம் பரப்பும் டாக்டர் பரிசுத்தமாக மாறியதைக் குறை சொன்னால், "சினிமா வேறு, நாவல் வேறு" என்று வாயடைத்துவிடுகிறார்கள்.

வேறுதான். நாவலின் நாயகனான மயிலோடைக் கருப்பன் படத்தில் சாலூர் ராசாவானதில் எனக்கு வருத்தமே இல்லை. கங்காணியின் பேச்சை நம்பி மலையேறியவனின் கதி ராசாவிடமும் அப்படியே இருக்கிறது. கடைசியில் காதலியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்கு வந்து சேர, அவன் கதறுவது நெஞ்சை அறுக்கிறது.

ஆபிரகாம் விஷயம் அப்படியல்ல. பி.எச். டேனியல் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர். தொழிலாளர்கள் சொல்லக் கேட்டதை வைத்து 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' எழுதினார், அதை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆபிரகாம் பார்ப்பதெல்லாம் அந்தத் தொழிலாளர்கள் எழுதியவரிடம் சொன்னது.

"மிஷனரிகள் மதம் மாற்றியது வரலாறுதானே?" என்பார்கள். இருக்கட்டும், அதற்குத் தனியாக ஒரு பாத்திரம் வைத்திருக்கலாம். நிர்வாகத்தோடு மோதிய டாக்டரைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆடிப்பாடி ஆள் சேர்ப்பவரை நிறுத்தியது எந்த வரலாறு?

"தொழிலாளி பட்ட துயரம் குறையாமல் இருக்கிறதே" என்பதுதான் அடிக்கடி கேட்கும் வாதம். எனக்கு அதுதான் ஆறவில்லை. எங்கள் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் விடியுமுன்னே ஏலத்தோட்டத்து ஜீப் வந்துவிடும். தூக்குவாளியை மடியில் இடுக்கிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, பெண்கள் கம்பம்மெட்டு ஏறுவார்கள். வளைவில் ஜீப் கவிழ்ந்தால் ஊரே "தலைவிதி" என்கிறது. எத்தனை பேரை ஏற்றினார்கள், யார் ஏற்றச் சொன்னார்கள் என்று கேட்பவர் குறைவு. நாவலில் அப்படிக் கேட்கிற ஆள்தான் ஆபிரகாம். காய்ச்சலில் கூட்டம் கூட்டமாகச் சாவது மலையின் சாபமில்லை. மருந்தும் சுகாதாரமும் மறுக்கப்பட்டதால் வந்த சாவு என்பது அவர் வழியாகத்தான் வாசகனுக்குத் தெரிகிறது. படத்தில் சாவு இருக்கிறது, அழுகை இருக்கிறது, அதைத் தடுத்திருக்க முடியும் என்று அறிந்தவர் இல்லை.

"படம் வந்ததால்தானே பலர் நாவலைத் தேடினார்கள்?" தேடியவர்கள் ஆபிரகாமைச் சந்தித்திருப்பார்கள். மற்றவர்களுக்குத் தோட்டத்து டாக்டர் என்றால் பரிசுத்தம்தான். டேனியலோ மருந்தோடு நிற்காமல் தொழிலாளர் சங்க வேலையிலும் இறங்கியவர். பரிசுத்தத்தைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, இப்படியும் ஒரு டாக்டர் அந்த மலையில் இருந்தார் என்று தெரிய வழியே இல்லை.