இருட்டுக்கு என்ன விலை?

“மச்சான், உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்” என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார், என் தங்கையின் கணவர். யோசனை கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். கூடவே வந்த தங்கை ஒரு வார்த்தை பேசாமல் நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். பணச் சமாசாரம் என்று புரிந்துகொண்டேன்.

விஷயம் ஒரு காமிரா லென்ஸ். மாப்பிள்ளையிடம் ஏற்கெனவே கானன் காமிராவும் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன. அந்த லென்ஸ் 2020-ல் அமெரிக்காவில் வந்தபோது விலை சுமார் 200 டாலர். இப்போது அவர் ஆசைப்படுவதும் அதே 50 மில்லிமீட்டர்தான். ஆனால் எஃப் 1.2. அது 2018-ல் வந்தபோது விலை சுமார் 2,300 டாலர்! ஒன்றின் விலையில் மற்றது பதினொன்று வாங்கலாம். தங்கையிடம் சீட்டு எடுத்த பணம் இருந்தது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கென்று வைத்திருந்த பணம்.

“அப்படி யாரைப் படம் எடுக்கப் போகிறீர்கள், மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“அம்மாவை” என்றார்.

அதற்கு மேல் எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. அத்தைக்கு ஃப்ளாஷ் வெளிச்சம் ஆகாது. கண்ணை இறுக மூடிக்கொள்வார். எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் முழுவதும் தியானத்தில் இருக்கிற மாதிரிதான் நிற்கிறார். வெயிலில் நிறுத்தினாலும் கண் சுருங்கிவிடும். சாயங்காலம் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்து பூத் தொடுப்பார். அப்போதுதான் அந்தக் கண்கள் நன்றாகத் திறந்திருக்கும். அந்த வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் ஆசை.

இந்த எஃப் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 50-ஐ 1.2-ஆல் வகுத்தால் சுமார் 42 மில்லிமீட்டர். அதுதான் லென்ஸின் வாயகலம். 1.8-ஆல் வகுத்தால் 28. வாய் அகன்றால் வெளிச்சம் கூடும். எவ்வளவு? இரண்டேகால் மடங்கு. விலையோ பதினொன்று மடங்கு! எடை 160 கிராமிலிருந்து 950 கிராமுக்கு ஏறுகிறது. கண்ணாடியை அத்தனை பெரிதாகவும் பிசகில்லாமலும் இழைப்பதற்கான கூலி அது. விற்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அகன்ற வாய்க்கு இன்னொரு குணம் உண்டு. ஸ்டான்லி குப்ரிக் என்ற டைரக்டர், 1975-ல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்துக்காக, அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கென்று ஸைஸ் கம்பெனி செய்த எஃப் 0.7 லென்ஸை வாங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். பாவம், நடிகர்கள் அசைய முடியவில்லை. கொஞ்சம் முன்னே பின்னே போனால் முகம் கலங்கிவிடும்!

“ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்” என்றேன். அடுத்த சனிக்கிழமையே லென்ஸ் வந்தது. நானும் போனேன். ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, ஒற்றைத் திரி வெளிச்சத்தில் மாப்பிள்ளை சுட்டுத் தள்ளினார். பொய் சொல்லக் கூடாது. விளக்குச் சுடர் தங்கக் காசு மாதிரி உருண்டு நின்ற அழகே அழகு! ஆனால் எஃப் 1.2-ல், அந்தத் தூரத்தில், தெளிவாக விழுவது சுமார் 3 செண்டிமீட்டர் ஆழம்தான். கண் தெளிந்தால் காது கரைந்தது. தொடுக்கிற விரல்களும் மல்லிகையும் வெறும் வெள்ளைப் புகை.

“கையைக் காணோமே?” என்றார் அத்தை, படத்தைப் பார்த்து.

பேசாமல் நின்றிருந்த தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள்: “ஐந்து முகமும் ஏற்றினால் என்ன?”

கல்லூரியில் படித்த எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்! ஐந்து திரி என்றால் ஐந்து மடங்கு வெளிச்சம். இரண்டேகால் எங்கே, ஐந்து எங்கே? மாப்பிள்ளை பழைய லென்ஸை மாட்டி, இரண்டு மீட்டர் பின்னால் தள்ளி உட்கார்ந்து, வாயை எஃப் 2.8-க்குக் குறுக்கினார். ஒற்றைத் திரியில் எஃப் 1.2-க்குக் கிடைத்த அதே அளவு வெளிச்சம் ஏறக்குறையக் கிடைத்துவிட்டது. தெளிவின் ஆழமோ ஒரு சாணுக்கு மேல். கண், விரல், பூ, நார் எல்லாம் விழுந்தன.

கல்யாண மண்டபங்களில் படமெடுத்துப் பிழைக்கிறவர் கதை வேறு. அவர் கேட்டபடியெல்லாம் விளக்கு வைக்க மாட்டார்கள். போட்ட பணத்தைச் சம்பாதித்து எடுத்தும் விடுவார். வருஷத்துக்கு நாலு தடவை ஆசைப்படுகிறவருக்கு வாடகை போதும்.

மறுநாள் காலை, லென்ஸைத் திருப்பிக் கொடுக்க நானும் கூடப் போனேன். கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை அதை ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

“நல்ல லென்ஸ்தான், மச்சான்” என்றார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை.