தோற்றது எங்க கையா, அட்டை மட்டமா?

கேகாலைத் தோட்டத்து லயங்களில் சிக்னல் கிடைக்கிற மூலையில் நாலு பேர் கூடினா, நாங்க ஆடுறது கிளாஷ் ரோயல்தான். பின்லாந்தின் சுப்பர்செல் 2016 மார்ச்சில் வெளியிட்ட விளையாட்டு இது. எட்டு அட்டை, மூணு நிமிஷம். எதிராளியின் கோபுரத்தைச் சாய்க்கணும், நம்ம கோபுரத்தைக் காக்கணும். எலிக்சர் ரெண்டு பேருக்கும் ஒரே வேகத்தில் ஊறும். எதை எப்ப இறக்குறது என்பதில்தான் மூளை. இதுவரை நியாயம்.

ஆனா அட்டை ஒரு மட்டம் ஏறினா அதன் உயிரும் அடியும் ஏறத்தாழ 10 வீதம் கூடும். மட்டம் ஏற்ற, பல நாள் ஆடி அட்டையும் தங்கமும் சேர்க்கணும். இல்லாட்டி காசு கட்டணும். 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிச்ச அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அம்மா ரப்பர் பால் வெட்டின காசில் வாங்குற மட்டம் நம்ம திறமை ஆகுமா?

விளையாட்டை விடச் சொல்லல. காசு கட்டாம ஆடுவோம். நட்புப் போட்டியில் ரெண்டு பக்க அட்டைகளும் ஒரே மட்டத்துக்கு வந்துடும். யட்டியந்தோட்டைப் பையனும் தெரணியகலைப் புள்ளையும் அங்க மோதட்டும். யாருக்கு ஆடத் தெரியும்னு அங்கதான் தெரியும்.