நோய் தலையிலா, வயிற்றிலா?

மேஜைக் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக் கொண்டிருக்கிறது. திடீரென்று அணைகிறது. யாரும் தொடாமலே மறுபடி துவங்குகிறது. பாதி அடித்த கணக்கு காற்றில் போகிறது. நாளைக்கு ஒரு தடவை என்றால் ஜனங்கள் பொறுத்துக் கொள்கிறார்கள். நாலு தடவை என்றால் மெக்கானிக்குக்கு ஆள் போகிறது.

மெக்கானிக் வருகிறார். பத்து நிமிஷம் பார்க்கிறார். "வைரஸ் புகுந்திருக்குதுங்க. பார்மட் பண்ணிடலாமுங்க" என்கிறார். சேலம், நாமக்கல் பக்கத்தில் பலரும் கேட்டுப் பழகிய தீர்ப்பு இது.

பார்மட் என்றால், உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. லாரி ஆபீசின் வருஷக் கணக்கு, முட்டை வியாபாரியின் பாக்கிப் பட்டியல், கல்லூரி மாணவியின் ஆய்வுக் கட்டுரை - பிரதி எடுத்து வைக்காதவர்களுக்கு அத்தனையும் போயிற்று! சரி, அதோடு நோயாவது போயிற்றா? மறு வாரமே கம்ப்யூட்டர் பழையபடி அணைகிறது. காரணம், நோய் தலையில் இல்லை. வயிற்றில் இருக்கிறது.

வயிறு எது?

கம்ப்யூட்டரின் பின்பக்கம், விசிறியோடு ஒரு சிறிய தகரப் பெட்டி இருக்கிறதே, அதுதான் வயிறு. எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் அப்படியே விழுங்க முடியாது. இந்தப் பெட்டி அதை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாகச் செரித்துக் கொடுக்கிறது. ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 12 வோல்ட் என்றால் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6-க்கு மேலே ஏறக் கூடாது.

"எல்லாம் சரி" என்று இந்தப் பெட்டி மதர்போர்டுக்கு ஓயாமல் சைகை காட்டிக் கொண்டிருக்கிறது. மின்சாரம் தடுமாறினால் சைகை நின்றுவிடும். உடனே கம்ப்யூட்டர் நின்று, மறுபடி முதலிலிருந்து துவங்கும். திரையில் ஓர் எச்சரிக்கை கூட வராது. விண்டோசின் குறிப்பேட்டில் மட்டும் 41 என்ற எண்ணோடு ஒரு வரி பதிவாகும். ஒழுங்காக மூடப்படாமல் மறுபடி துவங்கியது என்பதே அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது. ஆனால் வேறு பிழை எதுவும் இல்லாமல் அந்த வரியே அடிக்கடி வந்தால், முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல் விழுவதுதான் நியாயம்.

மேட்டூர் இருந்தும்...

சேலம் சீமைக்கு மின்சாரம் புதிதல்ல. மேட்டூர் அணையின் மின் நிலையம் 1937-லேயே ஓடத் துவங்கியது. 1987-ல் அனல் மின் நிலையமும் வந்தது. ஆனால் மின்சாரம் உற்பத்தியாவது வேறு, வீட்டுச் சுவரில் நிலையாக நிற்பது வேறு. பக்கத்தில் விசைத்தறிகள் ஓடுகின்றன. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் நடக்கிறது. கிணற்று மோட்டார் துவங்குகிறது. அப்போதெல்லாம் வோல்டேஜ் ஒரு கணம் குனிந்து நிமிர்கிறது. நல்ல பெட்டி அதைத் தாங்கும். மின்சாரம் அடியோடு நின்றாலும், ஏறக்குறைய ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் சமாளிக்கும். மட்டமான பெட்டியால் அது ஆகாது.

2012-ல் வெளி மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் குடியேறியது. விளக்குக்கும் விசிறிக்கும் போதுமான இன்வெர்ட்டரின் வேகம், கம்ப்யூட்டருக்குப் போதாமல் போவதுண்டு.

தறியில் பறக்கும் பஞ்சும், கோழித் தீவனத் தூசியும் பெட்டியின் விசிறியை அடைக்கின்றன. உள்ளே சூடு ஏறுகிறது. பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டர்களுக்குச் சூடுதான் எமன். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

சின்னச் சாமான்தானே என்று அலட்சியம் செய்ய முடியாது. 2000-த்தை ஒட்டிய வருஷங்களில் மதர்போர்டுகளில் இருந்த மட்டமான கெபாசிட்டர்கள் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைக் கவிழ்த்தன. அமெரிக்காவின் டெல் கம்பெனி 2005-ல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் கணக்குகளுக்குப் பிரதி எடுக்க வேண்டும். பிறகு பிளக் தளர்ந்திருக்கிறதா, எர்த் சரியா என்று சுவரைப் பார்க்க வேண்டும். அடுத்து, நல்லதென்று தெரிந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பொருத்தி இரண்டு நாள் ஓட்ட வேண்டும். அணையாவிட்டால் குற்றவாளி பிடிபட்டான்! மல்டிமீட்டரிலும் பார்க்கலாம்: மஞ்சள் கம்பியில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. கம்ப்யூட்டர் மும்முரமாக வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். ஆனால் கண நேரத் தடுமாற்றம் மீட்டரில் தெரியாது. மீட்டர் சரியாகக் காட்டியது என்பதற்காகப் பெட்டியை விடுதலை செய்துவிடக் கூடாது.

பெட்டியை மாற்றியும் நோய் தீராவிட்டால் சூடு, மெமரி, ஹார்ட் டிஸ்க் என்று வரிசையாகப் பார்க்கலாம். பார்மட் கடைசியில் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: தகரப் பெட்டியை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பழி மெக்கானிக்கின் தலையில் மட்டும் விழுவது சரியல்ல. இரண்டு நாள் வைத்துச் சோதிக்கக் கூலி கேட்டால் எத்தனை பேர் கொடுக்கிறார்கள்? பார்மட் என்றால் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. கூலியும் கைக்கு வருகிறது. வாங்கும்போதும் இதே கதைதான். பிராசஸர் என்ன, மெமரி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள், எஸ்.எம்.பி.எஸ். யார் செய்தது என்று கேட்பதில்லை. விலையைக் குறைக்க நினைக்கும் கடைக்காரர் அங்கேதான் கை வைக்கிறார்.

ஆகவே ஒவ்வொரு ரிப்பேர் கடையிலும் சோதனைக்கென்று நல்ல பெட்டி ஒன்று இருக்க வேண்டும். பில்லில் எஸ்.எம்.பி.எஸ். செய்த கம்பெனியின் பெயரும் வாட் அளவும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கும் ஆபீசுகளுக்கும் வாங்குகிறவர்கள் டெண்டரிலேயே இதைக் கேட்க வேண்டும். சோதனைக்குக் கூலி கொடுக்க ஜனங்களும் தயாராக வேண்டும். நல்ல பெட்டிக்கு ஆகும் கூடுதல் பணத்தை மறுபடி சம்பாதித்துவிடலாம். அழிந்த கணக்கை யார் எழுதிக் கொடுப்பார்கள்?