தாழ்வாரத்தில் ஒரு தோட்டம்

"கறிவேப்பிலை எங்கே வளரும், கண்ணு?" என்று நான்கு வயது மகளிடம் கேட்டேன். "தேக்கா மார்க்கெட்ல!" என்றாள். சிரித்தேன், பிறகுதான் உறைத்தது.

அந்த வாரமே வீவக வீட்டு வாசலில் தொட்டிகள் வந்தன. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழிவிட வேண்டுமே, அதனால் மூன்றுதான். அவள் கைக்கெட்டும் உயரத்தில் கற்பூரவல்லி, பாண்டான், கறிவேப்பிலை. அரளிப்பூ அழகுதான், ஆனால் நஞ்சு, வேண்டாம். கொசு வராமல் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவது அவள் பொறுப்பு.

முதல் நாளே துளிரைக் கிள்ளிவிட்டாள். அதட்ட வாயெடுத்தேன். பூமலையிலுள்ள ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் நினைவுக்கு வந்தது. அங்கே குழந்தையோடு வந்தால்தான் பெரியவர்களுக்கு அனுமதி. எங்கள் வாசலிலும் இனி அதுவே விதி: தோட்டம் அவளுடையது, நான் துணைக்கு வந்தவள்.