கதிர் நின்ற பிறகு

விழுப்புரத்தாருக்கும் திண்டிவனத்தாருக்கும் கதிர்ச் சிகிச்சை தூர தேசத்து அதிசயம் அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-ல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ரயிலேறிப் போகலாம். புதுச்சேரி ஜிப்மரோ இரண்டு ஊர்களுக்கும் சுமார் 40 கிலோமீட்டர்தான். வாயிலோ தொண்டையிலோ புற்றுக் கண்டவர்கள், வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறேழு வாரம் கதிர் ஏற்றுக்கொண்டு, பிழைத்து ஊர் திரும்புகிறார்கள். வீட்டார் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசைக் கோயிலில் செலுத்திவிட்டு, "வியாதி தொலைந்தது" என்று நிம்மதி அடைகிறார்கள். நமக்கும் சந்தோஷமே. ஆனால் நேயர்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

வியாதி மறைந்தாலும், கதிர் பட்ட இடம் அதை மறப்பதில்லை. உமிழ்நீரின் அருமையை நாம் என்றாவது நினைத்ததுண்டா? அதன் சுரப்பிகள் வாடிவிட்டால், ஒரு பிடி சோறு இறங்க ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். உமிழ்நீரின் காவல் போனதும் பற்கள் சீக்கிரம் சொத்தையாகும். தாடைத் தசைகள் இறுகி, வாய் திறப்பது குறையும். சுரப்பிகளை இயன்றவரை விலக்கிக் கதிர் பாய்ச்சும் முறைகள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றாலும் தொல்லை குறையுமே தவிர, அடியோடு நீங்குவதில்லை.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியும் சில வருஷங்களில் மெள்ளச் சோர்ந்துபோகலாம். மனிதர் எந்நேரமும் அசதியாகவே இருப்பார். "நோய்தான் போயிற்றே, இன்னும் என்ன சோம்பல்?" என்று கடிந்துகொள்வது நியாயமல்ல. ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை இரத்தத்தைப் பரிசோதிப்பதே நியாயம். குறை தெரிந்தால் தினம் ஒரு மாத்திரை போதும்.

எல்லாவற்றிலும் அபாயமானது பல் பிடுங்குவது. கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குன்றியிருக்கும். பத்து வருஷம் கழித்து ஒருவர் பல்வலி பொறுக்காமல் கடைத்தெருப் பல் வைத்தியரிடம் போகிறார். பழைய கதை எதற்கு என்று அதைச் சொல்வதே இல்லை. பல் வந்துவிடுகிறது, புண்ணோ ஆறாமல், எலும்பே செத்து வெளியே தெரியலாம். இதற்கு அஞ்சியே, கெட்ட பற்களைக் கதிர் தொடங்குமுன் எடுத்துவிட்டு, புண் ஆற அவகாசம் விடுகிறார்கள்.

ஆகையால், ஆஸ்பத்திரிச் சீட்டை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பல் வைத்தியரிடம் போனால், வலிக்கும் பல்லைக் காட்டுமுன் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.