மூங்கில் பலகையின் பசுமைக் கணக்கு

எங்கள் துறையின் கருத்தரங்க அறைக்கு மேசைகள் வாங்க மூன்று விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன. மூன்றும் மூங்கில் பலகையையே பரிந்துரைக்கின்றன. மூன்றும் கூறும் காரணம் ஒன்றே: மூங்கில் விரைந்து வளரும், ஆகவே சூழலுக்கு உகந்தது. மூங்கில் பலகைக்கு நான் எதிரி அல்லன். ஆனால் அந்த ‘ஆகவே’யை ஆய்வு மாணவனாக என்னால் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

மூங்கில் மரமன்று, புல். அதன் கழி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முற்றிவிடும். வெட்டிய பின்னும் வேர்க்கிழங்கு உயிரோடிருப்பதால் மறுநடவு தேவையில்லை. பல பத்தாண்டுகள் காத்திருக்க வைக்கும் தேக்கோடு ஒப்பிட்டால் இது பெரும் நன்மையே. ஆயினும் கழி வேறு, பலகை வேறு. உருண்டு, உள்ளே கூடாக இருக்கும் கழியைப் பிளந்து, கணுக்களை நீக்கி, பச்சைத் தோலையும் உட்புற மென்பகுதியையும் சீவி எறிந்து, எஞ்சிய பட்டைகளைப் பசையிட்டு அழுத்தினால்தான் பலகை கிடைக்கும். சீவலாகப் போவது கொஞ்சநஞ்சமன்று. இழைகளை நசுக்கிப் பசையில் தோய்த்து அழுத்தும் வகையில் கழிவு குறைவு, கடினமும் மிகுதி. ஆனால் பசை கூடுதலாகச் செலவாகும். அந்தப் பசை பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்தது. யூரியாவோடு சேர்ந்ததா, ஃபீனாலோடு சேர்ந்ததா என்பதைப் பொறுத்து அறைக்காற்றில் கசியும் ஆவியின் அளவும் ஈரத்தைத் தாங்கும் வலுவும் மாறுபடும். மாவுச்சத்து நிறைந்த மூங்கிலைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தாவிட்டால் வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும். (அதிலுள்ள சிலிக்கா இழைப்புளியின் அலகை மழுங்கச் செய்வதும், துளையிடாமல் ஆணி அடித்தால் பிளப்பதும் தச்சர்கள் நன்கறிந்தவை.)

இன்னொரு கேள்வி, அந்தக் கழி எங்கே வளர்ந்தது என்பது. உலகச் சந்தையில் விற்கும் ஒட்டுப் பலகைகளுக்கு மூலம் பெரும்பாலும் சீனத்து மோசோ மூங்கில். நம் காடுகளில் பரவியுள்ள கல்மூங்கில் கெட்டியானது, பலவேளை கோணலானது. நீண்ட நேரான பட்டைகளுக்கு எளிதில் வசப்படாது. மேலும், நம்மிடம் மூங்கில் வளர்ந்தும் தொழில் வளராததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறைக்குள் அடைத்தது. அதனால் பல மாநிலங்களில் உழவர் தம் நிலத்து மூங்கிலை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிச்சீட்டுக்குக் காத்திருந்தனர். 2017இல்தான் அவ்வரையறை திருத்தப்பட்டது. காட்டு மூங்கிலைச் சிறு வனப்பொருளாக 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்ற பின்னும், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மெண்டா லேகா கிராமசபை தன் மூங்கிலைத் தானே விற்பதற்கான அனுமதிச்சீட்டு உரிமையை 2011இல் போராடித்தான் பெற்றது. வனத்துறையிடமிருந்து ஆலை மலிவாகப் பெற்ற மூங்கிலும், கிராமசபை விலை பேசி விற்ற மூங்கிலும் ஒரே வேகத்தில்தான் வளர்ந்தன.

எனக்கு உகந்ததாகத் தோன்றுவது பாய்ப் பலகை. பெங்களூருவிலுள்ள இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த நுட்பம் இது. கேரளத்தில் ஈட்டா என்னும் நாணல் மூங்கிலைக் கீறிப் பெண்கள் வீட்டிலிருந்தே பாய் முடைகின்றனர். அப்பாய்களைப் பிசினில் தோய்த்து, அடுக்கி, சூட்டில் அழுத்திப் பலகையாக்குகின்றனர். கோணலோ மெலிவோ இங்கே தடையாவதில்லை. இதிலும் ஃபீனால் பிசின் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பலகை விலையில் ஒரு பங்கு முடைந்த கைகளுக்குக் கூலியாகச் செல்கிறது. தடுப்புச் சுவருக்கும் அலமாரிக் கதவுக்கும் இது தாராளமாகப் போதும். பளபளக்கும் மேசைப்பரப்பு வேண்டுவோர்க்கு இது நிறைவளிக்காது என்பதும் உண்மையே.

மூங்கிலின் இனம், விளைந்த இடம், பசையின் வகை ஆகியவற்றைக் கேட்டு மூன்று விற்பனையாளர்களுக்கும் மடல் அனுப்பியிருக்கிறேன். ஒருவர் விடையளித்துள்ளார், பசையைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை.