அவசர வேளைக்கு அயல்மொழி

கோல சிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு செம்பனையை வணிகப் பயிராக நட்டவர் ஆன்றி ஃபோகொனியே என்னும் பிரெஞ்சுக்காரர். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. மலாயாவுக்கு வந்த புதிதில் அவர் தோட்டத் தொழிலோடு மலாயையும் தமிழையும் கற்றுக்கொண்டார். தொழிலாளர் பேச்சு புரியாமல் தோட்டம் நடத்த முடியாதல்லவா?

இன்று பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. தோட்டப்புறத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாரிசுக்குச் சுற்றுலா செல்கிறார்கள். புறப்படுமுன் 'பொன்ஜூர்', 'மெர்சி' ஆகியவற்றைப் பழகுகிறார்கள். வணக்கமும் நன்றியும் வேண்டியவைதாம். ஆனால், அவை தெரியாததால் யாருக்கும் உயிர் போவதில்லை. "காப்பாற்றுங்கள்" என்று பொருள்படும் 'ஓ ஸெகூர்', "இங்கே வலிக்கிறது" எனச் சொல்லும் 'ஜே மால் இஸி' ஆகியவற்றையே முதலில் மனனம் செய்ய வேண்டும்.

கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். அமைதியாக அமர்ந்து உணவுப் பட்டியல் படிக்க அது போதும். மின்கலம் தீர்ந்த நேரத்தில், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்போது, நடுங்கும் விரல்களுக்குத் திரை எங்கே வசப்படும்? பாரிசின் லா ஷாப்பெல் பகுதியில் தமிழ்க் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கே தமிழிலேயே உதவி கேட்கலாம். விபத்து இடம் பார்த்தா வருகிறது?

பேசக் கற்பது மட்டும் போதாது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டத் துரைமாருக்காகக் கொழும்பில் அச்சான தமிழ்க் கையேட்டின் பெயரே 'இங்கே வா'. கட்டளையிட அந்தச் சொல் போதும். உதவி கேட்பவரோ பதிலையும் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் 999 போல, பிரான்சில் மருத்துவ அவசரத்துக்கு 15, தீயணைப்புப் படைக்கு 18, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 112. எந்த எண்ணை அழைத்தாலும் "எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி வரும். 'ஊ எத் வூ' என்பதே அக்கேள்வி. இதைக் காதில் வாங்கத் தெரிந்தவர் தெருப்பெயரைப் பார்த்துப் படித்தாலே உதவி வந்துசேரும்.

நிலக்கடலை ஒவ்வாதவர்கள் இன்னொன்றும் செய்யலாம். பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் அச்செய்தியைத் தாளில் எழுதி வாங்கி, கடப்பிதழுக்குள் வைத்துக்கொள்ளலாம். மூச்சுத் திணறும்போது மனனம் செய்த வாக்கியமும் வாய்க்கு வராது.